‘வாட்ச் டாக்ஸ்’ முதல் 10 மணி நேரம்: கோவில்பட்டியில் உட்கார்ந்து சிகாகோவை ஹேக் பண்ணது

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் கேம் வாரம். எடுத்துக்கிட்டது ‘வாட்ச் டாக்ஸ்’. யுபிசாஃப்டோட மான்ட்ரியல் ஸ்டுடியோ பண்ண கேம். 2014 மே 27 ரிலீஸ். “இவ்ளோ வருஷம் கழிச்சு ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷனா?”ன்னு கேக்காதீங்க. கேம் பழசு, எனக்குப் புதுசு. அது வந்த காலத்துல எங்க வீட்டு கம்ப்யூட்டர்ல சீட்டு விளையாட்டே திக்கித் திணறித்தான் ஓடும். இப்போ லீவுக்குக் கோவில்பட்டி வந்த இடத்துல, தள்ளுபடியில கிடைச்சுதுன்னு வாங்கிப் போட்டு, ஒரு பத்து மணி நேரம் ஆடியிருக்கேன். கதையை இன்னும் முடிக்கல. அதனால ஸ்பாய்லர் பயம் வேண்டாம், ஆரம்பக் காட்சிகளைத்தான் பேசப் போறேன்.

கேம் ஆடாதவங்களுக்காக ரெண்டு வார்த்தை. சாதாரண கேம்ல ஒரு பாதை இருக்கும், அதுலயே போகணும், கடைசியில வில்லன் நிப்பான். ஓப்பன் வேர்ல்டுன்னா ஒரு ஊரையே உங்க கையில குடுத்துடுவாங்க. கதை ஒரு ஓரமா காத்திருக்கும். நீங்க பாட்டுக்குச் சுத்தலாம். கரிசக்காட்டுல வளந்தவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஊரை விட்டு ரெண்டு கிலோமீட்டர் வெளிய போனா மறைப்பே இல்லாத கருப்புத் தரை, அங்கங்க சீமைக்கருவேலம், கயத்தாறு பக்கம் வரிசையா காத்தாடி. எந்தத் திசையில வேணாலும் நடக்கலாம். எந்தத் திசையில நடந்தாலும் வெயில்தான், அது வேற விஷயம்.

இந்த கேம்ல உங்க கைக்கு வர்ற ஊர் சிகாகோ. ஹீரோ பேர் ஏய்டன் பியர்ஸ். தலையில தொப்பி, மூஞ்சியில பாதிக்குத் துணி, நீளமா ஒரு கோட்டு. ஆள் ஹேக்கர். ஒரு பெரிய ஹோட்டல்ல இருக்கறவங்க அக்கவுண்ட்ல இருந்து பணத்தை உருவப் போய், அது சொதப்பி, பழிவாங்க வந்தவங்களால அவரோட அக்கா தங்கச்சி வழியில ஒரு சின்னப் பொண்ணு, லீனா, கார்லயே இறந்துபோகுது. அதுக்கு யார் காரணம்னு தேடுறதுதான் கதை. தேடுறாரு, அடிக்கிறாரு, கரகரன்னு ஒரே குரல்ல பேசுறாரு. பத்து மணி நேரத்துல அவர் ஒரு தடவை சிரிச்சுப் பாத்த ஞாபகம் எனக்கு இல்ல.

ஆனா கேமோட நிஜ ஹீரோ அவர் இல்ல. சிடிஓஎஸ்.

சிடிஓஎஸ்-னா அந்தச் சிகாகோவை ஓட்டுற மென்பொருள். நம்ம ஃபோன்ல ஆண்ட்ராய்டு இருக்கற மாதிரி, அந்த ஊருக்கே ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம். சிக்னல் லைட்டு, கேமரா, கரண்ட், ரயில், ஆத்துப் பாலம், வங்கிக் கணக்கு, எல்லாம் அதுல இணைஞ்சிருக்கு. அதைச் செஞ்சு விக்கிறது ப்ளூம்னு ஒரு தனியார் கம்பெனி. கேம்குள்ள வர்ற கற்பனைக் கம்பெனிதான். அதுக்குள்ள நுழையற சாவி உங்க ஃபோன்ல இருக்கு. ஒரே ஒரு பட்டன். அழுத்தினா சிக்னல் மாறும், பாலம் தூக்கும், தெருவுக்கு அடியில போற நீராவிக் குழாய் வெடிக்கும், மொத்த ஏரியாவுக்கும் கரண்ட் போகும்.

எல்லார் தலைக்கு மேலயும் ஒரு வரி

முதல் ஒரு மணி நேரத்துல என்னை உண்மையிலேயே உக்கார வச்சது வெடிப்பு இல்ல. தெருவுல நடந்து போற ஜனங்க. ஃபோனை எடுத்து யாரைப் பாத்தாலும் அவங்க தலைக்குப் பக்கத்துல ஒரு சின்னப் பெட்டி வரும். பேர், வயசு, என்ன வேலை, வருஷத்துக்கு எவ்வளவு சம்பளம், அதோட ஒரே ஒரு வரி. என்ன வியாதி, எதுக்காகக் கோர்ட்டுக்குப் போனாங்க, ராத்திரி எந்த வெப்சைட் பாக்கறாங்க, இப்படி ஏதோ ஒண்ணு. கேம்ல இதுக்குப் பேரு ப்ரொஃபைலர்.

நான் மிஷனை விட்டுட்டு முக்கால் மணி நேரம் இதையே பண்ணிட்டிருந்தேன். ஒரு பெஞ்சுக்குப் பக்கத்துல நின்னு, போறவங்க வர்றவங்களைப் படிக்கறது. அந்த ஒரு வரி வந்ததும் ஒரு பொம்மை சட்டுனு ஆளா மாறிடுது. இந்த ஒரு விஷயத்துல கேம் பண்ணவங்களுக்கு ஃபுல் மார்க்.

இதை ஆடும்போதே எனக்கு எங்க ஊர்ப் பட்டப்பேர் ஞாபகம்தான். கி.ராஜநாராயணன் பொறந்த இடைசெவல் எங்களுக்குப் பக்கத்து ஊர். அவர் கதைகளைப் படிச்சவங்களுக்குத் தெரியும், இந்தப் பக்கத்துல பட்டப்பேர் இல்லாத மனுஷன் கிடையாது. எங்க தெருவுலயே ‘ரேடியோ’ன்னு ஒருத்தர் இருந்தாரு. எதையும் அவர்கிட்ட ஒரு தடவை சொன்னா போதும். ஒரு ஆளோட மொத்த வாழ்க்கையும் ஒரே வார்த்தையில. ப்ரொஃபைலரும் இதே வேலையைத்தான் பண்ணுது.

ஆனா ஒரு வித்தியாசம். டீக்கடையில என்னைப் பத்தி அஞ்சு பேருக்குத் தெரியும்னா, அந்த அஞ்சு பேரைப் பத்தியும் எனக்குத் தெரியும். அவர் என் மார்க்கைக் கேட்டா, நான் அவர் பையன் மார்க்கைக் கேப்பேன். அது ரெண்டு பக்கமும் ஓடுற ரோடு. சிகாகோவுல நான் அவங்களைப் பாக்கறேன், அவங்களுக்கு நான் பாக்கறதே தெரியாது. கொஞ்சம் முன்னேறினா வீட்டுக்குள்ள இருக்கற கேமரா வழியாவும் எட்டிப் பாக்கலாம். கேம் இதை உங்களுக்கு ஒரு சலுகையா குடுக்குது.

கேமுக்கு வெளியவும் இது நடந்திருக்கு. 2023 ஜூன்ல டெலிகிராம்ல ஒரு பாட் வந்துச்சு, கேள்விப்பட்டிருப்பீங்க. ஒரு ஃபோன் நம்பரைப் போட்டா, அந்த நம்பர்ல கோவிட் தடுப்பூசி போட்டவங்க பேர், பிறந்த விவரம், குடுத்த அடையாள அட்டை நம்பர், எங்க ஊசி போட்டாங்க, எல்லாம் வந்து விழுந்தது. கோவின் தளம் பாதுகாப்பாத்தான் இருக்குன்னு மத்திய அரசு சொன்னது. அப்புறம் அந்த மாசமே டெல்லி போலீஸ் பீகார்ல ஒருத்தரைப் பிடிச்சாங்க. 2024 மே மாசம், தமிழ்நாடு போலீஸோட முக அடையாள போர்ட்டலுக்குள்ளயே வெளியாட்கள் நுழைஞ்சுட்டதா செய்தி வந்துச்சு. காரணம்னு சொல்லப்பட்டது ஒரு பாஸ்வேர்டு. ஏய்டன் பியர்ஸுக்குத் தேவைப்பட்ட அந்தக் கோட்டு, தொப்பி எதுவும் இங்க தேவைப்படல.

இதுக்குக் கீழ இன்னொரு அடுக்கு இருக்கு. கேம்ல சிலர் தலைக்குப் பக்கத்துல தனியா ஒரு அடையாளம் வரும். பட்டனை அழுத்தினா அவங்க வங்கிக் கணக்கு உங்களுக்கு. பக்கத்து ஏடிஎம்முக்குப் போய்ப் பணத்தை எடுத்துக்கலாம். துப்பாக்கி வாங்க, கார் வாங்க இந்தப் பணம்தான் சுலபமான வழி. நான் ஆடினப்போ ஒரு அம்மா வந்தாங்க. சம்பளம் ரொம்பக் கம்மின்னு பெட்டி சொல்லுது. அழுத்தலாமா வேண்டாமான்னு கேம் உங்களைக் கேக்காது. அழுத்தினாலும் எதுவும் ஆகாது. அவங்க பாட்டுக்கு நடந்து போயிடுவாங்க, காசு போனது அவங்களுக்குத் தெரியறதுகூட இல்ல.

எங்க சித்தி தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்கறாங்க. (வெளியூர்க்காரங்களுக்கு: இங்க தீப்பெட்டிக் கம்பெனியைத் ‘தீப்பெட்டி ஆபீஸ்’னுதான் சொல்லுவோம்.) ரெண்டு வருஷம் முன்னாடி அவங்களுக்கு ஒரு ஃபோன். பேங்க்ல இருந்து பேசறோம், உங்க கார்டு இன்னைக்கோட பிளாக் ஆகப் போகுது, ஒரு நம்பர் வரும் சொல்லுங்கன்னு. சொன்னாங்க. 14,000 ரூபாய் போச்சு. சீட்டு எடுத்து வச்சிருந்த பணம். எல்லாரும் அவங்களைத்தான் திட்டினோம், ஓடிபியைப் போய் யாராவது சொல்லுவாங்களான்னு. அதுக்கு சித்தி சொன்னது இதுதான்: “என் பேரைச் சொல்றான், எந்தக் கிளைன்னு சொல்றான், அப்புறம் நம்பாம என்ன செய்யய்யா?”

கவனிச்சுப் பாருங்க, அதுதான் ப்ரொஃபைலர். அந்த ஒரு வரி அவன் கையில இருந்தது. எந்த மெஷினையும் அவன் உடைக்கல. தகவல் முன்னாடியே கசிஞ்சு எங்கேயோ விலைக்குக் கிடைச்சிருக்கு. அதை வச்சு ஒரு மனுஷியோட நம்பிக்கையை உடைச்சான். சைபர் குற்றத்துல நம்ம வீட்டு ஆட்களைத் தொடறதுல பெரும்பாலானது இந்த வகைதான். கேம்ல இது ஒரு பட்டன். நிஜத்துல ரெண்டு நிமிஷப் பேச்சு.

நடுவுல ஒரு தகவல், கேக்கற எல்லாரும் வீட்டுல சொல்லி வைங்க. பணம் போனது தெரிஞ்ச உடனே 1930-க்கு அடிக்கணும். உடனேன்னா உடனே. பணம் ஒரு அக்கவுண்ட்ல இருந்து இன்னொரு அக்கவுண்டுக்குத் தாவிக்கிட்டே இருக்கும், கடைசியா எங்கேயோ எடுத்துடுவாங்க. அதுக்கு முன்னாடி எந்த அக்கவுண்ட்ல நிக்குதோ அங்க நிறுத்தி வைக்க முடியும். சித்திக்குப் பாதிப் பணம் அப்படித்தான் நின்னுச்சு. கைக்கு வர மாசக்கணக்காச்சு.

சிக்னலைப் பச்சையாக்க முடியுமா?

சரி, சினிமாத்தனமான பகுதிக்கு வருவோம். போலீஸ் துரத்துது, நாலு ரோடு சேர்ற இடம் வருது, பட்டனை அழுத்தறீங்க, நாலு பக்கமும் பச்சை. பின்னாடி டமார் டமார்னு வண்டிகள் மோதுது. கேமோட டிரெய்லர்ல இருந்தே இதுதான் அடையாளக் காட்சி. நிஜத்துல முடியுமா?

கேம் வந்து மூணே மாசத்துல, 2014 ஆகஸ்ட்ல, மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. சாலைத் துறையோட அனுமதி வாங்கி, அந்த மாகாணத்துல ஒரு ஊரோட சிக்னல் அமைப்பைச் சோதிச்சாங்க. கிட்டத்தட்ட 100 சிக்னல். ஒண்ணோட ஒண்ணு ரேடியோவுல பேசிக்குது, அந்தப் பேச்சுக்குப் பூட்டு கிடையாது. உள்ள போறதுக்கான பேரும் பாஸ்வேர்டும் கம்பெனியில இருந்து வந்தப்போ என்ன இருந்ததோ அதேதான். ஒரு லேப்டாப்பும் அதே அலைவரிசையில பேசற ரேடியோவும் இருந்தா போதும்.

ஆனா நாலு பக்கமும் பச்சை மட்டும் வராது. ஏன்னா ஒவ்வொரு சிக்னல் பெட்டிக்குள்ளயும் காவலுக்குன்னு தனியா ஒரு கருவி இருக்கு. எந்தெந்தப் பச்சை சேர்ந்து எரியலாம்னு அதுக்குள்ள முன்னாடியே நிலையா அமைச்சு வச்சிருப்பாங்க. மென்பொருள் என்ன சொன்னாலும், மோதுற மாதிரி ரெண்டு பச்சை வந்தா அது உடனே எல்லாத்தையும் சிவப்பா மினுக்க விட்டுடும். ஹேக்கரால டிராஃபிக் ஜாம் பண்ண முடியும், அந்த டமார் டமார் சீன் வராது. கோவில்பட்டி மெயின் ரோட்டுல சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து பாருங்க, டிராஃபிக் ஜாமுக்கு ஹேக்கர் எதுக்குன்னு தோணும்.

பாலம் தூக்கறதும் அப்படித்தான். நம்ம பழைய பாம்பன் ரயில் பாலத்தைத் தொழிலாளிகள் கையால சுத்தித்தான் திறந்தாங்க. 1914-ல இருந்து. உலகத்துல எந்த ஹேக்கராலயும் அதைத் தொட்டிருக்க முடியாது.

சிடிஓஎஸ் எதுக்கு வந்ததுன்னு கேம் ஒரு பழைய கதை சொல்லுது. 2003-ல அமெரிக்காவோட வடகிழக்குப் பகுதி இருண்டுபோச்சு, அதைப் பண்ணது ஒரு ஹேக்கர், அதனாலதான் எல்லாத்தையும் ஒரே கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தோம்னு. அந்த இருட்டு நிஜம். 2003 ஆகஸ்ட் 14, அமெரிக்காவுலயும் கனடாவுலயும் சுமார் 5 கோடி பேருக்குக் கரண்ட் போச்சு. ஆனா ஹேக்கர் கிடையாது. ஓஹையோ மாகாணத்துல சரியா வெட்டாம விட்ட மரங்கள் ஹை டென்ஷன் லைன்ல உரசுச்சு. அதை எச்சரிக்க வேண்டிய மென்பொருள் ஒரு கோளாறுல உறைஞ்சுபோச்சு. அலாரம் உறைஞ்சதே கண்ட்ரோல் ரூம்ல இருந்தவங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல தெரியல. மரமும் ஒரு பக்கும் சேர்ந்து பண்ண வேலை.

நம்ம நாட்டுல 2012 ஜூலை 30, 31-ல வடக்கும் கிழக்கும் இருண்டப்போ தெற்கு தப்பிச்சுது. அப்போ நம்ம கிரிட் தனி. 2013 கடைசி நாள்லதான் தேசிய கிரிட்டோட சேர்ந்தது. அதுக்காக நாம வெளிச்சத்துல இருந்தோம்னு நினைக்காதீங்க. அந்த வருஷத் தமிழ்நாட்டு மின்வெட்டை அனுபவிச்ச எந்த மில் தொழிலாளியும் சொல்லுவாரு.

நிஜமான ஹேக்கிங் எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க சிகாகோ வரைக்கும் போக வேண்டாம். இங்கிருந்து திருநெல்வேலி தாண்டித் தெற்க போனா கடலோரத்துல கூடங்குளம் அணுமின் நிலையம். 2019 அக்டோபர் கடைசியில, அங்க வைரஸ் நுழைஞ்சுடுச்சுன்னு ட்விட்டர்ல பேச்சு கிளம்புச்சு. 29-ம் தேதி நிலையத்துல இருந்து மறுப்பு வந்தது: கட்டுப்பாட்டு அமைப்பு வெளி நெட்வொர்க்கோட இணைக்கப்படலை, சைபர் தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லைன்னு. மறுநாள், 30-ம் தேதி, அணுமின் கழகமே ஒத்துக்கிட்டது: மால்வேர் இருந்தது உண்மை. செப்டம்பர் 4-ம் தேதியே மத்திய அரசோட சைபர் அவசரக் குழு தகவல் சொல்லியிருக்கு. பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட் இணைப்புள்ள நெட்வொர்க்ல இருந்த ஒரு கம்ப்யூட்டர். உலையை ஓட்டற அமைப்பு தனி, அதுக்குப் பாதிப்பு இல்லை.

அந்த மால்வேர் ‘டிட்ராக்’ வகைன்னு நிபுணர்கள் சொன்னாங்க. இந்தியாவோட நிதி நிறுவனங்கள்ல அது இருந்ததைப் பத்தி காஸ்பர்ஸ்கி கம்பெனி அதுக்கு முந்தின மாசம்தான் எழுதியிருந்தது. ‘வாட்ச் டாக்ஸ்’ எடுக்கும்போது, ஹேக்கிங் சமாச்சாரம் நம்பற மாதிரி இருக்கான்னு பாத்துச் சொன்னதும் இதே காஸ்பர்ஸ்கி ஆட்கள்தான். டிட்ராக் என்ன பண்ணும்? வெடிக்காது. எந்த கீயைத் தட்டறீங்க, எந்தப் பக்கம் பாத்தீங்க, என்னென்ன ஃபைல் இருக்கு, பக்கத்துல எந்த கம்ப்யூட்டர் இருக்குன்னு சத்தம் போடாம எழுதி அனுப்பிக்கிட்டே இருக்கும். உக்காந்து ஒட்டுக் கேக்கறதுதான் அதோட முழு வேலை. இதை வச்சு யாராவது கேம் பண்ணா ஒருத்தரும் வாங்க மாட்டாங்க.

டவர்

இப்போ, இந்த கேமைப் பத்தி நான் எபிசோட் போடணும்னு முடிவு பண்ண விஷயம்.

கேம்ல ஊர் முழுக்க சிடிஓஎஸ் டவர் இருக்கும். மேப்ல ஒரு ஏரியா முழுசா திறக்கணும்னா அந்த ஏரியா டவருக்கு வழி கண்டுபிடிச்சு ஏறி, அதை ஹேக் பண்ணணும். பண்ணதும் அந்தப் பக்கத்துல என்னென்ன இருக்குன்னு எல்லாம் தெரிய ஆரம்பிக்கும். யுபிசாஃப்ட் கேம்னாலே டவர் ஏறணும்னு எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. நானும் ஏறினேன். மூணாவது டவர்ல நிக்கும்போது எனக்கு 2018 ஞாபகம் வந்துச்சு.

2018 மே 22. தூத்துக்குடியில ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தோட நூறாவது நாள். போலீஸ் துப்பாக்கிச் சூடு. 13 பேர் இறந்தாங்க. மறுநாள் 23-ம் தேதி அரசு ஒரு உத்தரவு போட்டது. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூணு மாவட்டத்துலயும் 27-ம் தேதி வரைக்கும் இன்டர்நெட் கிடையாது. சமூக வலைதளத்துல வதந்தி பரவுது, கூட்டம் சேருதுன்னு காரணம் சொன்னாங்க. கோவில்பட்டி தூத்துக்குடி மாவட்டம். எங்க ஃபோன்லயும் நெட் போச்சு.

இதைப் பண்ண எந்த டவர்லயும் யாரும் ஏறல. எந்த வைரஸும் வேண்டாம். 2017 ஆகஸ்ட்ல மத்திய அரசு கொண்டுவந்த விதிகள்படி, மாநிலத்தோட உள்துறைச் செயலாளர் ஒரு உத்தரவுல கையெழுத்துப் போட்டா அப்போ போதுமா இருந்துச்சு. அது ஃபோன் கம்பெனிகளுக்குப் போகும். எந்த டவர் எந்த மாவட்டம்னு அவங்ககிட்ட கணக்கு இருக்கு. அந்த டவர்கள்ல டேட்டாவை மட்டும் நிறுத்திடுவாங்க. அன்னைக்கு ஃபோன் பேச முடிஞ்சுது. ஆனா ஒரு வீடியோவை அனுப்பவோ பாக்கவோ முடியல. தூத்துக்குடியில என்ன நடந்ததுங்கறது, அறுபது கிலோமீட்டர் தள்ளி இருந்த எங்களுக்கு டிவி சொன்னதும் பஸ்ல வந்தவங்க சொன்னதும்தான். சென்னையில என் ரூம்மேட்ஸ் எங்க மாவட்டத்தைப் பத்தி என்னைவிட அதிகமா தெரிஞ்சு வச்சிருந்தாங்க. நான் அப்போ லீவுக்கு இங்க வந்திருந்தேன்.

அந்த வருஷம்தான் இன்ஜினியரிங் அட்மிஷன் விண்ணப்பமும் கவுன்சிலிங்கும் முதல் தடவையா முழுக்க ஆன்லைனுக்குப் போச்சு. விண்ணப்பம் போடற மாசம் மே. எங்க தெருவுல ஒரு பையன் ப்ளஸ் டூ முடிச்சிருந்தான். அப்பா பவர்லூம்ல வேலை. வீட்டுல கம்ப்யூட்டர் கிடையாது, ஃபோன்லதான் எல்லாம். நெட் எப்போ வரும்னு யாருக்கும் தெரியல. சரியான தேதி சொல்ல ஆள் இல்ல. ரெண்டாவது நாள் காலையில அவனும் அவங்க அம்மாவும் மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாத்தையும் மஞ்சப்பையில போட்டுக்கிட்டு சாத்தூருக்கு பஸ் ஏறினாங்க.

ஏன் சாத்தூர்? அது விருதுநகர் மாவட்டம். உத்தரவுல அந்த மாவட்டம் இல்ல. கோவில்பட்டியில இருந்து வடக்க பஸ்ல கொஞ்ச நேரம் போனா ஃபோன் தானா உயிர் வந்து, ரெண்டு நாள் மெசேஜ் மொத்தமும் டிங் டிங்குன்னு விழும். பஸ்ல இருந்த எல்லார் ஃபோனும் ஒரே நேரத்துல அடிச்சதா அவன் வந்து சொன்னான். கேம்ல டவர் திறந்ததும் மேப் விரியும் இல்லையா, அதே மாதிரி. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு, அந்தப் பக்கம் போனா உலகம் இருக்கு, இந்தப் பக்கம் இல்ல. அவன் விண்ணப்பம் போட்டுட்டான். பஸ் காசு இல்லாம, அல்லது இந்தக் கோடு எங்க இருக்குன்னே தெரியாம உக்காந்திருந்த பசங்களுக்காகவும் சேர்த்துதான் கடைசித் தேதியை ஜூன் 2 வரைக்கும் தள்ளி வச்சாங்க.

நெட்டை நிறுத்தினது சரியா தப்பான்னு ரெண்டு பக்கமும் பேசலாம். வதந்தியால உயிர் போன சம்பவங்களும் நம்ம நாட்டுல இருக்கு. என்னைக் கேட்டா, துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள் ஒரு மாவட்டமே ஒருத்தரோட ஒருத்தர் பேச முடியாம ஆக்கினது பயத்தைத்தான் கூட்டுச்சு. வதந்தி நிக்கல, வாய் வழியா வந்துச்சு, இன்னும் பெருசா வந்துச்சு. சரிபாத்துக்க வழிதான் இல்லாமப் போச்சு. பின்னாடி, 2020 ஜனவரி 10-ல, காஷ்மீர் வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னது: காலவரையறை இல்லாம நெட்டை நிறுத்தக் கூடாது, நிறுத்தற உத்தரவை வெளியிடணும், பாதிக்கப்பட்டவங்க கோர்ட்டுக்குப் போக முடியணும்.

அதனாலதான் ‘வாட்ச் டாக்ஸ்’ எனக்கு ஒரு விசித்திரமான அனுபவமா இருக்கு. ஹேக்கிங்கை அது ஊதித்தான் காட்டுது. ஆனா, ஒரு ஊரோட எல்லா வயரும் ஒரு இடத்துக்குப் போய்ச் சேர்ந்தா அந்த இடத்துல இருக்கறவங்களுக்கு என்ன அதிகாரம் வரும்னு காட்டற இடத்துல அது சரியா இருக்கு. அப்புறம் அந்த அதிகாரத்தைத் தூக்கி என் கையில குடுத்துட்டு, “ஜாலியா இரு”ங்குது. கேம்ல பட்டன் எப்பவும் நம்ம கையில. மஞ்சப்பையோட பஸ் ஏறின அம்மா மாதிரி ஒரு கேரக்டரா ஆட இந்த கேம்ல வழி இல்ல. தெருவுல நடந்து போற அந்தப் பெட்டிக்காரங்கள்ல ஒருத்தரா இருக்க வழி இல்ல.

இல்ல, ஒரே ஒரு இடத்துல இருக்கு, அதைச் சொல்லியே ஆகணும். ஆன்லைன்ல ஆடும்போது, நீங்க பாட்டுக்கு வண்டி ஓட்டிட்டிருப்பீங்க, திடீர்னு இன்னொரு நிஜ ஆட்டக்காரர் உங்க சிகாகோவுக்குள்ள நுழைஞ்சு உங்க தகவலைத் திருட ஆரம்பிப்பாரு. உங்க திரையில அவர் சாதாரண வழிப்போக்கன் மாதிரிதான் தெரிவாரு. சதவீதம் ஏறிக்கிட்டே இருக்கும். கூட்டத்துல ஒவ்வொருத்தரா ஸ்கேன் பண்ணி அவர் யாருன்னு கண்டுபிடிக்கணும். எனக்கு அது நடந்தப்போ இதயம் வாய்க்கு வந்துடுச்சு. ஒரு கார்ல குனிஞ்சு உக்காந்திருந்தாரு, 80 சதவீதத்துக்கு மேல போனதும்தான் பாத்தேன். மொத்த கேம்லயும் பாக்கப்படறவனா நான் இருந்தது அந்த மூணு நிமிஷம்தான். அதுதான் இதுவரைக்கும் கேமோட பெஸ்ட் மூணு நிமிஷம்.

மத்தபடி, வாங்கலாமான்னு கேக்கறவங்களுக்கு: வண்டி ஓட்டறது மோசம், சோப்பு மேல ஓடற மாதிரி வழுக்குது. 2012-ல முதல்ல காட்டின டெமோவுல இருந்த அழகு கடைசியில வரலைன்னு அந்தக் காலத்துல பெரிய சண்டையே நடந்தது. இப்போ பாக்கும்போது மழை பெய்யற ராத்திரி சிகாகோ எனக்கு நல்லாத்தான் இருக்கு. கேமராவுக்குக் கேமரா தாவி, உள்ள போகாமலே ஒரு கட்டடத்தை முடிக்கற மிஷன்கள் அருமை. துப்பாக்கி எடுத்தா இது இன்னொரு சாதாரண சண்டை கேம் ஆகிடுது, அதனால எடுக்காம ஆடிப் பாருங்க. சிரிப்பும் கலரும் வேணும்னா நேரா 2016-ல வந்த ரெண்டாம் பாகத்துக்குப் போங்க. ஊர் சான் ஃபிரான்சிஸ்கோ, ஹீரோ மார்கஸ் ஹாலோவே. பண்ணாத குற்றத்துக்குச் சிஸ்டம் தன்னைக் குற்றவாளின்னு கணக்குப் போட்டதுனால ஹேக்கர் ஆனவர். கதை ஆரம்பிக்கற அந்தப் புள்ளியே எனக்குப் பிடிச்சிருக்கு. மூணாவது, ‘லீஜியன்’, 2020, லண்டன். அதைப் பத்தி இன்னொரு நாள்.

2018-ல மூணு மாவட்டத்துல நீங்க எங்க இருந்தீங்க, நெட்டுக்காக எந்த எல்லை தாண்டிப் போனீங்கன்னு வாய்ஸ் நோட்ல அனுப்புங்க. வள்ளியூர்ல இருந்தும் நாகர்கோவில்ல இருந்தும் ஏற்கெனவே ரெண்டு வந்திருக்கு, அதைச் சேர்த்து ஒரு எபிசோட் பண்ணலாம்னு இருக்கேன். அடுத்த வாரம் பாப்போம்.